போர்டு போகவில்லை, ஒயரைப் பாருங்கள்

பிப்ரவரி பிறந்துவிட்டால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கல்லூரிப் பை மாட்டிய கூட்டம் பெருகிவிடும். பைனல் இயர் ப்ராஜெக்ட் சீசன். "ஈஎஸ்பி32-கேம் ஒண்ணு குடுங்க, பழசு போச்சு" என்று, கேமராவும் வைஃபையும் உள்ள அதே சின்ன போர்டை மறுபடி வாங்குகிறவர்களை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். நான் கிண்டியில் எம்பெடட் வேலை பார்க்கிறேன். சனி, ஞாயிறில் என்னிடம் வரும் தம்பி தங்கைகளும் "அண்ணா, போர்டு செத்துப்போச்சு" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். சோதித்துப் பார்த்தால் பெரும்பாலும் போர்டு உயிரோடுதான் இருக்கிறது. கோளாறு ஒயரிங்கில்.

ஈஎஸ்பி32-கேமில் யூஎஸ்பி கிடையாது. அதனால் வீட்டில் கிடக்கும், யூஎஸ்பி உள்ள ஆர்டுயினோ ஊனோ போர்டை நடுவில் வைத்து ப்ரோக்ராம் ஏற்றுகிறார்கள். நல்ல வழிதான், செலவும் இல்லை. ஆனால் இந்த வேலையில், லேபில் சொல்லிக்கொடுத்த "டிஎக்ஸை ஆர்எக்ஸில் குடு, ஆர்எக்ஸை டிஎக்ஸில் குடு" என்ற விதி (டிஎக்ஸ் அனுப்பும் பின், ஆர்எக்ஸ் வாங்கும் பின்) காலை வாரிவிடும்.

ஊனோவில் (ஆர்3 மாடல்) இருப்பது இரண்டு சிப். நம் ப்ரோக்ராமை ஓட்டும் ஏடிமெகா328பி ஒன்று. யூஎஸ்பி சாக்கெட் பக்கத்தில் இருப்பது இன்னொன்று: ஒரிஜினலில் 16யூ2, நம் ஊரில் அதிகம் கிடைக்கும் க்ளோன்களில் சிஎச்340. கம்ப்யூட்டரோடு பேசுவது இந்த இரண்டாவது சிப். அது அனுப்புவது 0-ஆம் பின்னுக்கு வருகிறது. அங்கே 'ஆர்எக்ஸ்' என்று போட்டிருப்பது 328பி காதில் வாங்கும் இடம் என்பதால். 328பியின் ரீசெட் பின்னை கிரவுண்டில் கட்டிவிட்டால் அது ஒதுங்கிவிடும், அது இருந்த இடத்தில் ஈஎஸ்பி உட்காருகிறது. ஆகவே 0-ஆம் பின் ஈஎஸ்பியின் யூ0ஆருக்கு (அது வாங்கும் பின்), 1-ஆம் பின் யூ0டிக்கு (அது அனுப்பும் பின்). அதாவது ஆர்எக்ஸுக்கு ஆர்எக்ஸ், டிஎக்ஸுக்கு டிஎக்ஸ். குறுக்கே போடக் கூடாது.

சிலர் ரீசெட்டைக் கட்டாமல் காலி ஸ்கெட்ச் (ஒன்றும் செய்யாத ப்ரோக்ராம்) ஏற்றிவிட்டு அதே காரியத்தைச் செய்யப் பார்க்கிறார்கள். போர்ட்டைத் திறந்தவுடன் ஊனோ தானாக ரீசெட் ஆகும், அதன் பூட்லோடர் (ஆரம்பத்தில் ஓடும் சின்ன ப்ரோக்ராம்) சிறிது நேரம் அதே ஒயரில் மூக்கை நுழைக்கும். ஒரு தடவை ஏறும், அடுத்த தடவை ஏறாது. ரீசெட்டைக் கட்டிவிடுவதே நிம்மதி.

சரி, இப்போது கோளாறு எங்கே என்று எப்படிப் பிரிப்பது? ஈஎஸ்பியைக் கழற்றி வைத்துவிட்டு, ஊனோவின் ரீசெட் கிரவுண்டில் இருக்கும்போதே 0, 1 பின்களை ஒரு ஜம்பரால் இணையுங்கள். கம்ப்யூட்டரில் ஆர்டுயினோ சாஃப்ட்வேரின் சீரியல் மானிட்டரில் ஏதாவது டைப் செய்து அனுப்புங்கள். அனுப்பியது அப்படியே திரும்பி வந்தால் கம்ப்யூட்டர், கேபிள், டிரைவர், ஊனோ நான்கும் சரி. வரவில்லையென்றால் ஈஎஸ்பியைத் திட்டிப் பயனில்லை. சிஎச்340 டிரைவர் இல்லாமல் இருக்கலாம், வேறு போர்ட் தேர்வாகியிருக்கலாம், இல்லாவிட்டால் கையில் இருப்பது வெறும் சார்ஜிங் கேபிள்.

அடுத்து ஈஎஸ்பியை மாட்டுங்கள். ஜிபிஐஓ 0 பின்னை கிரவுண்டில் கட்டி (அப்போதுதான் ஈஎஸ்பி ப்ரோக்ராம் வாங்கத் தயாராகும்), மானிட்டரை 115200 வேகத்தில் திறந்து, போர்டின் ரீசெட் பட்டனை ஒரு முறை அழுத்துங்கள். 'வெயிட்டிங் ஃபார் டவுன்லோடு' என்று வர வேண்டும். வந்தால் சப்ளை, கிரவுண்டு, ஜிபிஐஓ 0, ஈஎஸ்பியிலிருந்து வரும் ஒயர் எல்லாம் சரி என்று அர்த்தம். ஒன்றுமே வராவிட்டால் சப்ளையையும் யூ0டி ஒயரையும் பாருங்கள். குப்பை எழுத்து வந்தால் முதலில் வேகத்தை, பிறகு கிரவுண்டைப் பாருங்கள். பழைய ப்ரோக்ராமே ஓடத் தொடங்கினால் ஜிபிஐஓ 0 ஒயர் சரியாகப் பிடிக்கவில்லை. இந்த ஒரு பட்டன் அழுத்தல் எத்தனையோ போர்டுகளைக் குப்பைத்தொட்டியிலிருந்து காப்பாற்றியிருக்கும்.

'வெயிட்டிங் ஃபார் டவுன்லோடு' வருகிறது, ஆனாலும் அப்லோடு செய்தால் 'ஃபெயில்ட் டு கனெக்ட்' என்கிறதா? ஈஎஸ்பி பேசுகிறது, ஆனால் நாம் சொல்வது அதற்குக் கேட்கவில்லை. இங்கேதான் வோல்டேஜைப் பார்க்க வேண்டும்.

ஊனோவின் சிக்னல் 5 வோல்ட். ஈஎஸ்பி32 தாங்குவது 3.3 வோல்ட். நேராகக் கொடுத்தும் ஓடுகிறதே என்பார்கள். ஓடும், ஆனால் பின் மெல்ல அடிவாங்கலாம். அதனால் விவரம் தெரிந்தவர்கள் வரும் வழியில் 1கே, கிரவுண்டுக்கு 2கே ரெசிஸ்டர் வைத்து, வோல்டேஜைக் குறைக்கும் டிவைடர் போடுகிறார்கள். கணக்குப்படி 3.33 வோல்ட் வர வேண்டும். ஆனால் ஊனோ ஆர்3-இல் யூஎஸ்பி சிப்புக்கும் 0-ஆம் பின்னுக்கும் நடுவில் ஏற்கெனவே ஒரு 1கே இருக்கிறது! நம்முடைய 1கேயும் சேர்ந்தால் மேலே 2கே, கீழே 2கே. கிடைப்பது 2.5 வோல்ட். 3.3 வோல்ட் சப்ளையில் ஈஎஸ்பி32 ஒரு சிக்னலை 'ஹை' என்று ஏற்க 2.475 வோல்ட் வேண்டும். மயிரிழை வித்தியாசம். ஜம்பர் ஒயர் கொஞ்சம் லூசாக இருந்தாலும் போச்சு. நம் கடல் காற்றில் கறுத்துப்போன ஜம்பர் முனைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒரிஜினல் ஆர்3 என்றால் வெளியே 1கே வேண்டாம். பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 2கே மட்டும் போதும். க்ளோன்களில் உள்ளே என்ன ரெசிஸ்டர் இருக்கிறது என்று நம்பிவிட முடியாது. மல்டிமீட்டரை எடுத்து, எதுவும் அனுப்பாமல் இருக்கும்போது அளந்து பாருங்கள். சீரியல் லைன் சும்மா இருக்கும்போது 'ஹை'யில்தான் நிற்கும். 3 முதல் 3.3 வோல்ட் காட்டினால் அதன் பிறகு யூ0ஆரில் மாட்டுங்கள்.

சப்ளைக்கு ஊனோவின் 3.3 வோல்ட் பின்னை நம்பாதீர்கள். அதற்குச் சொல்லப்பட்ட அளவு 50 மில்லி ஆம்பியர். வைஃபை எழும்பும்போது ஈஎஸ்பி அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். 'பிரவுன்அவுட்' (வோல்டேஜ் விழுந்தது) என்ற வார்த்தை மானிட்டரில் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். 5வி என்று எழுதிய பின்னில் 5 வோல்ட் கொடுங்கள். யூ0ஆர் பக்கத்தில் இருக்கும் விசிசி பின்னில் கொடுத்துவிடாதீர்கள். அது வழக்கமாக 3.3 வோல்ட் வெளியே தரும் பின். அதில் 5 வோல்ட் ஏறினால்தான் போர்டு உண்மையிலேயே போகும்.

அப்லோடு முடிந்ததும் ஜிபிஐஓ 0 ஒயரைக் கழற்றி ரீசெட் அழுத்த வேண்டும். இதை மறந்துவிட்டு "ஏறிடுச்சு, ஆனா ஓடலை" என்று வருகிறவர்களும் உண்டு.

328பியைத் தூங்கவைக்காமல், அதில் ஒரு ப்ரோக்ராம் ஓடவிட்டு அதன் வழியாக ஈஎஸ்பிக்கு அனுப்ப நினைத்தால் கதையே வேறு. அப்போது இரண்டு மைக்ரோகன்ட்ரோலர்கள் நேருக்கு நேர் பேசுகின்றன, லேபில் படித்த குறுக்கு இணைப்பு அங்கே சரி. ஆனால் ஊனோவில் சாதாரண பின்களைச் சீரியலாக்கும் சாஃப்ட்வேர் சீரியல் 115200 வேகத்தில் ஒழுங்காக வாங்காது, பைட்டுகளை விழுங்கும். வேகத்தை 38400க்கோ அதற்குக் கீழோ இறக்குங்கள். இல்லாவிட்டால் ஒன்றுக்கு மேற்பட்ட ஹார்டுவேர் சீரியல் உள்ள மெகா போன்ற போர்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

ரிவ்யூவுக்கு நாலு நாள்தான் இருக்கிறது என்றால் இந்த வித்தையெல்லாம் வேண்டாம். ஈஎஸ்பி32-கேமை அப்படியே செருகும் யூஎஸ்பி அடிப்பலகை ரிச்சி ஸ்ட்ரீட்டிலேயே கிடைக்கிறது. இரண்டாவது கேம் வாங்க வைத்திருக்கும் காசில் அதையும், மிச்சமிருந்தால் ஒரு மல்டிமீட்டரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.