ஈசிஜி நார்மல், பிறகென்ன?

ஐப்பசி பிறந்துவிட்டால் மும்பையின் சயான் கோலிவாடாவிலிருந்தும் தாராவியிலிருந்தும் மாலை போடப் போகிறவர்கள் என் கிளினிக்குக்கு வரத் தொடங்குவார்கள். பெரும்பாலும் குருசாமிதான் அனுப்பியிருப்பார்: மலை ஏறும் முன் ஒரு ஈசிஜி எடுத்துக் காட்டிவிட்டு வா. நல்ல வழக்கம். சபரிமலை போகும் வழியில் நீலிமலையிலும் அப்பாச்சிமேட்டிலும் இதயச் சிகிச்சைக்கென்றே மையங்கள் வைத்திருக்கிறார்கள் என்றால், அந்த ஏற்றம் எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ளலாம். ஈசிஜி எடுப்பதில் எனக்குச் சங்கடம் ஒன்றும் இல்லை. காகிதத்தில் ‘நார்மல்’ என்று அச்சாகி வந்துவிட்டால், அதற்குமேல் நான் சொல்லும் எதுவும் அவர்கள் காதில் ஏறுவதில்லை என்பதுதான் சங்கடம். தொப்பை முன்னே நிற்கிறது, கன்னத்தில் மாவா என்கிற பாக்கு-புகையிலைக் கலவை ஒதுங்கியிருக்கிறது, அப்பா ஐம்பது வயதில் நெஞ்சு வலியில் போனவர். ஆனாலும், “அதுதான் நார்மல் என்று வந்துவிட்டதே டாக்டர், பிறகென்ன?”

படுக்க வைத்து எடுக்கும் ஈசிஜி, ஒரு பத்து விநாடி நேரம் இதயத்தில் ஓடும் மின்னோட்டத்தைப் பதிவு செய்கிறது. துடிப்பு சீராக இருக்கிறதா, இதயத் தசையில் பழைய காயம் உண்டா, இந்த நிமிடத்தில் தசை ரத்தத்துக்குத் தவிக்கிறதா என்பதை அதில் பார்க்கலாம். தசைக்கு ரத்தம் கொண்டுவரும் கரோனரி குழாய்களின் சுவர் எப்படி இருக்கிறது என்பதை அதில் பார்க்க முடியாது. குழாய் பாதிக்குமேல் சுருங்கியிருப்பவருக்கும், ஓய்வாகப் படுத்திருக்கும்போது ஈசிஜி அழகாகவே வரும்.

டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் தெரியும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. தண்ணீர்க் குழாயில் கசடு படிவதைப் போலக் கொழுப்பு படிந்து, வழி குறுகிக் குறுகி, கடைசியில் ஒரு நாள் மூடிக்கொள்கிறது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நடப்பது வேறு. எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பின் துகள்கள் குழாயின் உள்தோலைத் தாண்டிச் சுவருக்குள்ளேயே நுழைந்து சிக்கிக்கொள்கின்றன. அவற்றை விழுங்க வரும் வெள்ளை அணுக்கள், விழுங்கி வீங்கி அங்கேயே மடிகின்றன. ஆண்டுக்கணக்கில் இது நடந்து, மேலே மெல்லிய தோலும் உள்ளே கொழகொழப்புமாக ஒரு திட்டு உருவாகிறது. சர்க்கரையும் பிரஷரும் புகையும் அந்த மேல்தோலை இன்னும் நலியச் செய்கின்றன. ஒரு நாள் அது கிழிகிறது. காயம் பட்ட இடத்தில் எப்படி ரத்தம் உறையுமோ அப்படியே அங்கேயும் உறைகிறது. அந்த உறைகட்டி சில நிமிடங்களில் குழாயை அடைத்துவிடுகிறது. அதுதான் மாரடைப்பு.

இப்படிக் கிழியும் திட்டுகளில் பல, குழாயைப் பாதியளவுகூட அடைக்காதவை. போன மாதம் டிரெட்மில்லில் தேறியவருக்கு இந்த மாதம் மாரடைப்பு வருவது இதனால்தான். குடும்பத்தார் சோதனைக்கூடத்தின் மேல் கோபப்படுவார்கள். பாவம், அந்த அறிக்கை பொய்யில்லை. கேட்ட கேள்விக்கு அது சரியாகவே பதில் சொன்னது.

குழாய்ச் சுவரில் திட்டு உருவாகும் இந்த வேலை எந்த வயதில் தொடங்குகிறது? கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை அறுத்துப் பார்த்து 1953இல் வெளியிட்டார்கள். சராசரி வயது 22. நாலில் மூன்று பேருக்குமேல் கரோனரி குழாய்களில் நோய் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது. சண்டைக்குத் தகுதி என்று தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞர்கள் அவர்கள்.

“எல்லாம் தலையெழுத்து டாக்டர்” என்பார் சிலர். 52 நாடுகளில் நடத்தி 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் ஆண்களுக்கு 90 சதவீதமும் பெண்களுக்கு 94 சதவீதமும் ஒன்பதே காரணிகளில் அடங்கிவிடுகிறது என்றது. புகை, கெட்ட கொழுப்பு, பிரஷர், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கனி குறைந்த சாப்பாடு, அசையாத உடம்பு ஆகியவையே அதில் முக்கியமானவை. அதே ஆய்வில் நமக்கு ஒரு கசப்பான செய்தியும் உண்டு. மற்ற நாட்டவருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 59 வயதையொட்டி வந்தபோது, தெற்காசியருக்கு 53இலேயே வந்தது. காரணிகள் எல்லோருக்கும் பொதுதான். நம்மிடம் அவை இளம் வயதிலேயே குடியேறிவிடுகின்றன.

மும்பையில் நம்மவர்களிடம் நான் முதலில் கேட்பது புகையிலையைப் பற்றி. சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொல்பவரின் சட்டைப் பையில் மாவாப் பொட்டலம் இருக்கும். பாக்கும் புகையிலையும் கலந்து பொட்டலமாக விற்கும் குட்காவை மகாராஷ்டிரத்தில் 2012இலேயே தடை செய்தார்கள். பாக்குப் பொட்டலம் தனி, புகையிலைப் பொட்டலம் தனி என்று வாங்கிக் கையில் கலந்துகொண்டால் போயிற்று. பெண்களில் சிலர் ஈறில் மிஸ்ரி தேய்க்கிறார்கள். அதைப் பல்பொடி என்றே நினைக்கிறார்கள். வறுத்துப் பொடித்த புகையிலை அது. மெல்லும் புகையிலையும் மாரடைப்பு ஆபத்தை ஏற்றுகிறது என்று இன்டர்ஹார்ட் தெளிவாகக் காட்டியது. புகையை நிறுத்திய ஓராண்டுக்குள் அதனால் கூடியிருந்த இதய ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. இவ்வளவு வேகமாகப் பலன் தரும் மாத்திரை என் அலமாரியில் கிடையாது.

சாப்பாட்டில், நெய்யா கடலை எண்ணெயா என்ற வாதத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. சோறு எவ்வளவு, உப்பு எவ்வளவு என்பதுதான் என் கேள்வி. ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்பளமும் ஊறுகாயும் கருவாடும் சேரும் தட்டில் அது ஒரே வேளையில் தீர்ந்துவிடும். உடற்பயிற்சி பற்றிக் கேட்டால், தாதர் ஸ்டேஷனில் தினமும் பாலம் ஏறி இறங்குவதைச் சொல்வார்கள். ஏறுவது நல்லது. லோக்கல் ரயிலில் இரண்டு மணி நேரம் நசுங்கி நிற்பது களைப்பு மட்டுமே. வாரத்துக்கு 150 நிமிடம், மூச்சு சற்று வேகமெடுக்கும்படி நடக்க வேண்டும்.

மலைக்குப் போகிறவர் ஈசிஜியோடு சேர்த்துக் கேட்க வேண்டியது சில எண்களை. இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80க்குள் இருக்க வேண்டும். தொப்பைக்குக் கீழே பேன்ட் போட்டுக்கொண்டு 34 சைஸ் என்பவர்களுக்காகச் சொல்கிறேன், டேப்பைத் தொப்புள் மட்டத்தில் பிடியுங்கள். பிரஷர் 140/90ஐத் தொட்டால் அது நோய். மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. 5.7இலிருந்தே எச்சரிக்கை, 6.5 என்றால் நீரிழிவு. அடுத்தது எல்.டி.எல். இதய நோய் வந்துவிட்டவருக்கு அது 70க்குக் கீழே இருக்க வேண்டும். இன்னும் கீழே இருந்தால் நல்லது. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்பு, அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்கு முன்பு இதய நோய் வந்திருந்தால், லைப்போபுரோட்டீன் ஏ என்ற கொழுப்புத் துகளின் அளவை ரத்தப் பரிசோதனையில் வாழ்நாளில் ஒரு முறையாவது பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கொழுப்பு கூடியிருப்பது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. ஒல்லியாக இருப்பவரையும் சைவம் சாப்பிடுபவரையும் அது விட்டுவைப்பதில்லை.

எண்கள் கூடுதலாக இருந்தால் மாத்திரை தேவைப்படலாம். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை என்றதும் கிட்னி போய்விடும் என்று யாரோ அனுப்பிய வாட்ஸ்அப்பைக் காட்டுகிறார்கள். அந்த மாத்திரை எல்.டி.எல்.லைக் குறைப்பதோடு நான் சொன்ன மெல்லிய மேல்தோலையும் உறுதியாக்குகிறது. கிழியும் வாய்ப்பு குறைகிறது. அதைவிட எனக்குக் கவலை தருவது, அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்தவர்கள். மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் வைத்தால், ரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு மாத்திரைகளை வழக்கமாக ஓராண்டு வரை சேர்த்தே சாப்பிட வேண்டும். கோயில் கொடைக்குத் திருநெல்வேலி போகிறார்கள், அங்கே மாத்திரை தீர்ந்துபோகிறது, மும்பை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைய அந்த இடைவெளி போதும். மாத்திரைச் சீட்டை ஊருக்கு எடுத்துப் போங்கள். அதே மருந்து அங்கேயும் கிடைக்கும்.

வலி வந்துவிட்டால்? நெஞ்சை அழுத்துவது போன்ற பாரம், இடக்கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, இவற்றைப் பலரும் அறிவார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுவாங்கலும் மேல்வயிற்றுக் குமட்டலுமாக மட்டும் வரலாம். சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108க்கு அழையுங்கள். பைக்கின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போக வேண்டாம். அலர்ஜியோ வயிற்றில் ரத்தக்கசிவோ இல்லாதவர் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிப் போடாதீர்கள்; பிரஷர் சடாரென்று இறங்கும். அடைத்த குழாயைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சையை 24 மணி நேரமும் செய்யும் மருத்துவமனை உங்கள் வீட்டுக்கு அருகில் எது என்று, வலி இல்லாத ஒரு நாளில் நேரில் போய் விசாரித்து வையுங்கள். ஞாயிறு இரவும் செய்வார்களா என்று குறிப்பாகக் கேளுங்கள்.

அங்கே போனதும் எடுக்கும் முதல் ஈசிஜியும் நார்மல் என்று வரலாம். வலி தொடங்கிய புதிதில் இது நடக்கக்கூடியதே. மாற்றம் தெரிய நேரம் பிடிக்கும். வலி இருக்கும்வரை வீட்டுக்குக் கிளம்ப வேண்டாம். பதினைந்து முப்பது நிமிடம் கழித்து இன்னொரு ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். இதயத் தசை சேதமாகியிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். முதலில் அது சரியாக இருந்தாலும், சில மணி நேரத்தில் மறுபடி பார்ப்பார்கள். அதுவரை அங்கேயே இருங்கள்.