மரச்சிலையின் நெற்றி ஏன் கறுக்கிறது?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பணி ஓய்வுக்குப் பிறகு உளி பிடிக்கக் கற்றவர். ஒரே வேப்பங்கட்டையில், குடம் சுமந்து நிற்கும் பெண்ணொருத்தியை ஒன்றரை அடி உயரத்துக்குச் செதுக்கி, உப்புத்தாளும் போட்டு முடித்துவிட்டார். இனி அதற்குச் சாயம் ஏற்றுவதா, எண்ணெய் மட்டும் பூசி விட்டுவிடுவதா என்பது அவருடைய கேள்வி. வண்ணம் பூசாத உருவத்தை வீட்டில் வைத்தால் ஆகாது என்று அண்டை வீட்டார் சொன்னதையும் ஒரு வரியில் சேர்த்திருக்கிறார். அந்த வரியை முதலிலேயே முடித்துவிடுகிறேன். நம் கோயில் தேர்களின் மரச்சிற்பங்கள் பெரும்பாலும் வண்ணமில்லாமல் எண்ணெய் குடித்தே நிற்கின்றன. அவற்றை யாரும் ஆகாதென்று சொன்னதில்லை. சுவாமி வாகனங்களுக்கு வண்ணம் பூசுகிறார்கள் என்றால், பல துண்டுகளை இணைத்துச் செய்யும் உருவத்தில் ஒட்டுகளை மறைக்க வேண்டியிருக்கிறது என்ற தச்சுக் காரணமும் அதில் இருக்கிறது.

சாயத்துக்கு வருவோம். மரம் என்பது வேரிலிருந்து இலைக்கு நீரேற்றிய குழாய்களின் கட்டு. அந்தக் குழாய்கள் மரம் நின்ற திசையிலேயே ஓடுகின்றன. பக்கவாட்டில் இழைத்தால் குழாய்ச் சுவர்கள் தெரியும். குறுக்கே வெட்டினால் திறந்த வாய்கள் தெரியும். நுண்குழலில் திரவம் தானாக ஏறும் என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். குழல் எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் ஏறும். 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழலில் நீர் ஏறத்தாழ 15 சென்டிமீட்டரும், 20 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள குழலில் ஒன்றரை மீட்டரும் ஏறக்கூடும். மரத்துக்குள் அடைப்புகளும் உலர்தலும் குறுக்கிடுவதால் சாயம் அவ்வளவு தூரம் போவதில்லை. ஆயினும் குறுக்குவெட்டு முகம் பக்கவாட்டு முகத்தைவிடப் பல மடங்கு சாயத்தை உறிஞ்சிவிடும்.

பலகைக்கு இது பெரிய சிக்கல் அன்று. அதன் இரு முனைகள் மட்டுமே குறுக்குவெட்டு. சிலையிலோ உளி வளைந்து வளைந்து போவதால், ஒவ்வொரு அங்குலத்திலும் குழாய்கள் வெவ்வேறு கோணத்தில் அறுபடுகின்றன. நின்ற உருவத்தில் ரேகை, அதாவது குழாய்கள் ஓடும் திசை, மேலிருந்து கீழாக இருக்கும். ஆகவே வானத்தைப் பார்க்கும் பரப்புகளான உச்சந்தலை, நெற்றியின் மேல்வளைவு, மூக்கின் முதுகு, தோள், குடத்தின் விளிம்பு ஆகியவற்றில் குழாய்களின் வாய் திறந்திருக்கும். சாயம் பூசினால் அந்த இடங்களே முதலில் கறுக்கும். ஆனால் நம் கண் வெளிச்சம் மேலிருந்து விழும் என்று எதிர்பார்த்தே ஒரு பரப்பின் மேடு பள்ளத்தைப் படிக்கிறது. வெளிச்சம் விழவேண்டிய நெற்றி இருண்டும், நிழலில் இருக்கவேண்டிய பக்கக் கன்னம் வெளுத்தும் தெரிந்தால், மாதக்கணக்கில் செதுக்கிய முகம் தட்டையாகிவிடும். மோவாய்க்கும் மூக்குக்கும் அடிப்புறம் கறுப்பது மட்டும் நிழலோடு ஒத்துப்போய் நமக்கு உதவுகிறது. சாயம் வரைவது சிற்பியின் உருவத்தை அன்று, மரத்தின் குழாய்ப் படத்தை. இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து, கடைகளில் கருஞ்சாயம் ஏற்றி வைத்திருக்கும் சிலைகளை என்னால் முன்போல் பார்க்க முடியவில்லை.

ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை மிக மெல்லியதாக ஒருமுறை பூசினால் குழாய் வாய்கள் ஓரளவு அடைபட்டு, அதன்மேல் ஏறும் சாயம் சீராகும். நிறமும் வெளிறித்தான் வரும், அது நல்லதே. எண்ணெயின் வேலை வேறு. உப்புத்தாள் போட்ட மரத்தின் நுண்பள்ளங்களில் காற்று நிற்கிறது. மரச்சுவரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, காற்றினுடையது 1. இவ்வளவு பெரிய வேறுபாட்டில் ஒளி மேற்பரப்பிலேயே சிதறித் திரும்புவதால் மரம் வெளிறித் தெரிகிறது. 1.48 அளவுள்ள ஆளிவிதை எண்ணெய் அந்த இடத்தை நிரப்பியதும், ஒளி உள்ளே இறங்கி மரத்தின் சொந்த நிறத்தை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறது. நெற்றி இதிலும் சற்றுக் கறுக்கும். நிறமி சேராததால் முகம் கெடாது.

சிலையை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்பதையும் பாருங்கள். வேலூர்ப் பக்கத்து வெயில் படும் தாழ்வாரமென்றால், புற ஊதாக் கதிர் மரத்தின் நார்களைப் பிணைத்து நிற்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கும். தெளிந்த வார்னிஷ் ஒளியை உள்ளே விடுவதால் அடியிலுள்ள மரம் சிதைந்து, மேற்பூச்சு உரிந்து வரும். அங்கே ஒளியை மறிக்கும் கெட்டி வண்ணமே பாதுகாப்பு. கூடத்துக்குள் என்றால் ஓராண்டு பொறுக்கலாம். வேம்பு தானாகவே செம்பழுப்பாக முதிரும்.

கறுப்புதான் வேண்டுமென்றால் இன்னொரு வழி உண்டு. பழைய வட ஆர்க்காட்டைச் சேர்ந்த காளத்தியில் (இன்றைய ஸ்ரீகாளஹஸ்தி) துணிச் சித்திரக்காரர்கள், கடுக்காயில் நனைத்த துணிமேல் இரும்பும் வெல்லமும் சேர்ந்து புளித்த நீரால் கறுப்புக் கோடு இழுப்பார்கள். மரப்பட்டையில் பதனிட்ட தோலில் இரும்புத்துகள் பட்டால் விழும் கறையும் இதே வேதியியல்தான். ஆம்பூர், இராணிப்பேட்டைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மரத்திலும் இப்படிச் செய்தால், கடுக்காயிலும் மரப்பட்டையிலும் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் கூடி மரத்துக்குள்ளேயே கறுப்பை உண்டாக்குவதால், மேலே படலம் படியாது, உளித்தடம் மங்காது.

நம் ஊர் மரங்களில் எது எவ்வளவு சாயம் குடிக்கும் என்று ஒரு கல்லூரி ஆய்வகம் சில ஆயிரம் ரூபாயில் அளந்து தமிழில் வெளியிட்டுவிடலாம். இத்தகைய சிறு வேலைக்கு நிதி கேட்கவே நம்மவர்கள் கூசுகிறார்கள். அதுவரை, அதே கட்டையின் மிச்சத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஓர் உருண்டை செதுக்கி, சிலையில் ஓடும் ரேகைத் திசையிலேயே அதை நிறுத்திச் சாயம் பூசுங்கள். எல்லாத் திசைகளும் அதில் இருக்கின்றன: உச்சியும் அடியும் கறுத்து, இடுப்பு வெளுத்து நிற்கும். ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். அந்தக் கறுத்த உச்சி உங்களுக்குப் பிடித்திருந்தால் சிலைக்கும் ஏற்றலாம். இல்லையென்றால் எண்ணெய்ப் புட்டியை எடுங்கள்.