பினாங்கிலிருந்து எல்லை தாண்டி ஓட்டுவோர் அறிய வேண்டிய சாலை விதிகள்

பினாங்கில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பள்ளி விடுமுறைக்குச் சொந்தக் காரிலேயே தாய்லாந்தின் ஹாட்யாய் வரை போய்வருவோரும், ஜொகூர் பாருவைக் கடந்து சிங்கப்பூரிலுள்ள உறவினரைப் பார்க்கப் போவோரும் பலர் இருக்கின்றனர். தைப்பூசத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து வரும் மைத்துனரோ சித்தப்பாவோ இங்குள்ள காரை ஒரு நாள் தாமே ஓட்டிப் பார்க்க விரும்புவதும் உண்டு. மலேசியா, தாய்லாந்து, சிங்கப்பூர், இந்தியா ஆகிய நான்கு நாடுகளிலும் வாகனங்கள் சாலையின் இடப்பக்கமாகவே செல்வதால், ஒரு நாட்டில் பழகிய கை மற்றொரு நாட்டில் அதிகம் தடுமாறுவதில்லை. அந்த ஒற்றுமைதான் பலரை ஏமாற்றிவிடுகிறது. உரிமம் எதுவரை செல்லும், காப்புறுதி எங்கே நின்றுவிடும், எவ்வளவு மது குற்றமாகும் என்பவையெல்லாம் குடிநுழைவுச் சாவடியைத் தாண்டியவுடன் மாறிவிடுகின்றன.

முதலில் உரிமத்தைப் பார்ப்போம். ஆசியான் நாடுகள் ஒன்றன் உள்நாட்டு வாகனமோட்டும் உரிமத்தை மற்றொன்று ஏற்றுக்கொள்ளும் உடன்பாடு 1985 ஜூலை 9 அன்று கோலாலம்பூரில் கையெழுத்தானது. மலேசிய உரிமத்தைக் கொண்டு தாய்லாந்திலும் சிங்கப்பூரிலும் குறுகியகாலப் பயணத்தில் ஓட்ட முடிவது அதனால்தான். ஆனால் உரிமம் ஏற்கப்படுவதால் வயது வரம்பு தளர்ந்துவிடாது. மலேசியாவில் 17 வயதில் கார் உரிமம் பெறலாம். சிங்கப்பூரில் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆகவே இங்கே முறைப்படி ஓட்டும் 17 வயது மகனிடமோ மகளிடமோ அங்கே ஸ்டீயரிங்கைக் கொடுக்கக் கூடாது. மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் செயலியில் உள்ள மின்னியல் உரிமம் உள்நாட்டுச் சோதனைக்குப் போதுமானது என்றாலும், எல்லை தாண்டும்போது அட்டையையும் கையில் வைத்திருப்பதே நல்லது.

இந்தியா ஆசியான் உடன்பாட்டில் இல்லை. எனவே தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர் தம் இந்திய உரிமத்துடன், புறப்படும் முன்பே அங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியையும் பெற்று வருவது பாதுகாப்பானது. அந்த அனுமதி, மூல உரிமத்தில் உள்ளதைப் பல மொழிகளில் எடுத்துரைக்கும் ஏடு மட்டுமே. மூல உரிமம் உடன் இல்லாவிட்டால் அதற்குத் தனி மதிப்பில்லை. அதில் எந்த வகை வாகனத்துக்கு முத்திரை இடப்பட்டுள்ளது என்பதையும் பார்க்க வேண்டும். கார் உரிமம் மட்டும் உள்ள ஒருவர் பினாங்கின் பத்து பெரிங்கியில் ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்து ஓட்டினால், சட்டத்தின் பார்வையில் அவர் உரிமமின்றி ஓட்டுபவரே. கடைக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டதால் அது சரியாகிவிடாது; விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம்.

காப்புறுதிதான் பலரும் கவனிக்கத் தவறும் இடம். பணமும் பெரும்பாலும் இங்கேதான் போகிறது. மலேசியாவில் எடுக்கும் தனியார் கார் காப்புறுதி வழக்கமாக மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்று நாடுகளுக்கே பொருந்தும். தாய்லாந்து அதில் இல்லை. புக்கிட் காயு ஹீத்தாம் எல்லைக்கு அருகிலுள்ள கடைகளில் தாய்லாந்தின் கட்டாயக் காப்புறுதியை வாங்கிக்கொண்டு, எல்லாம் முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அந்தக் கட்டாயக் காப்புறுதி, விபத்தில் மனிதருக்கு ஏற்படும் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் உரியது. உங்கள் காருக்கோ எதிரே வந்தவரின் காருக்கோ ஏற்படும் சேதத்தை அது ஏற்காது. சொந்தக் காருக்கும் பாதுகாப்பு வேண்டுமென்றால், உங்கள் காப்புறுதி நிறுவனத்திடம் தாய்லாந்துக்கான நீட்டிப்பைப் பயணத்துக்கு முன்பே கேட்டு வாங்க வேண்டும். கார் வேறொருவர் பெயரில் இருந்தால், அவர் எழுதிக் கொடுத்த அனுமதிக் கடிதமும் வாகனப் பதிவுச் சான்றும் எல்லையில் தேவைப்படும்.

உள்ளூரிலும் இதுபோன்ற ஒரு நுணுக்கம் உண்டு. காப்புறுதிப் பத்திரத்தில் பெயர் குறிக்கப்படாத ஒருவர் காரை ஓட்டி விபத்து நேர்ந்தால், பழுதுச் செலவில் முதல் 400 ரிங்கிட்டை உரிமையாளரே ஏற்க நேரிடும். உறவினரிடம் சாவியைக் கொடுக்கும் முன் அவர் பெயரைச் சேர்க்க முடியுமா என்று முகவரிடம் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மது அளவில் நாடுகளுக்கிடையே உள்ள வேறுபாடு மிகப் பெரியது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் இருக்கக்கூடிய ஆல்கஹால், இந்தியாவில் 30 மில்லிகிராம், மலேசியாவிலும் தாய்லாந்திலும் 50, சிங்கப்பூரில் 80 என்று வரம்பு வைக்கப்பட்டுள்ளது. தாய்லாந்தில் 20 வயதுக்குட்பட்டோருக்கு அது 20 மில்லிகிராம் மட்டுமே. மலேசியாவிலும் முன்பு 80தான். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 2020இல் செய்த திருத்தம் அதை 50ஆகக் குறைத்தது. அதே திருத்தம் தண்டனையையும் கடுமையாக்கியது. வரம்பை மீறி ஓட்டி முதன்முறை பிடிபட்டாலே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதமும் 2 ஆண்டுகள் வரை சிறையும் உண்டு. மதுபோதையில் ஓட்டி உயிரிழப்பை ஏற்படுத்தினால் 10 முதல் 15 ஆண்டுகள் சிறையும் 50,000 முதல் 1,00,000 ரிங்கிட் வரை அபராதமும் விதிக்கப்படும். ஒரே அளவு மது ஒரு நாட்டில் வரம்புக்குள்ளும் மற்றொரு நாட்டில் குற்றமாகவும் இருப்பதால் கணக்குப் பார்த்துக் குடிப்பதில் பொருளில்லை. விருந்தில் ஒரு வாய் குடித்தவர் ஓட்டுநர் இருக்கையில் அமரவே கூடாது என்பதை ஒவ்வொரு வீடும் விதியாகக் கொள்ள வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

வேக வரம்பு எளிதில் நினைவில் நிற்கும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வரை ஓட்டிப் பழகியவர், சிங்கப்பூரின் விரைவுச் சாலைகளில் 90க்கு மேல் போகக் கூடாது. பலகை இல்லாத சாலையில் அங்கே 50தான். அங்கே பெற்ற அபராதத்தைச் செலுத்தாமல் விட்டால், அடுத்த முறை வாகனத்தைச் சோதனைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பலாம்.

பின்னிருக்கைப் பயணிகளும் இடைவார் அணிய வேண்டும் என்பது மலேசியாவில் 2009 ஜனவரி முதல் சட்டம். குழந்தைகளுக்கான தனி இருக்கை 2020 ஜனவரியில் கட்டாயமானது, சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்கு அது வேண்டும். மடியில் வைத்துக்கொண்டால் குழந்தை பத்திரமாக இருக்கும் என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. மோதும் நொடியில் எந்தத் தாயின் கையாலும் குழந்தையைப் பிடித்துவைக்க இயலாது. சுற்றுலாப் பேருந்திலும் விரைவுப் பேருந்திலும் இடைவார் அணியாத பயணிகள் மீது 2025 ஜூலை முதல் நடவடிக்கை எடுக்கப்படுகிறது. கோலாலம்பூருக்குப் பேருந்தில் போவோர் இதை மறந்துவிடுகின்றனர்.

வெளிநாட்டிலிருந்து வரும் ஓட்டுநரிடம் நான் தவறாமல் சொல்வது மோட்டார் சைக்கிள்களைப் பற்றித்தான். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பத்தில் ஆறு பேருக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. தலைக்கவசம் 1973இலும், பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்பது 1992இலும் சட்டமாயின. கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களிலேயே அவர்களுக்கெனத் தனித் தடம் போடப்பட்டது. தாய்லாந்தின் மோட்டார்வேயிலும் இந்தோனேசியாவின் பெரும்பாலான கட்டணச் சாலைகளிலும் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை; இங்கோ நெடுஞ்சாலையிலும் பினாங்குப் பாலத்திலும் அவை காருடன் சேர்ந்தே செல்கின்றன. தமிழ்நாட்டில் பின்னால் வரும் வண்டி ஹாரன் அடித்துத் தன் வரவைச் சொல்லும். இங்கே இரு தடங்களுக்கு இடையே ஓசையின்றி வந்துவிடும். எனவே தடம் மாறும் முன் கண்ணாடியைப் பார்த்து, தலையையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட வேண்டும்.

விபத்து நேர்ந்தால், மலேசியாவில் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் செய்ய வேண்டும். சிங்கப்பூரில் வெளிநாட்டு வாகனம் சம்பந்தப்பட்ட விபத்து சிறியதாக இருந்தாலும் போலீஸ் புகார் தேவை. ஆம்புலன்ஸுக்கு மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995, தாய்லாந்தில் 1669 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தாய்லாந்தின் சுற்றுலாப் போலீஸை 1155இல் ஆங்கிலத்தில் பேசி உதவி கேட்கலாம்.