ஆக்சிலேட்டரை அழுத்தினால் உதறுகிறதா? டயரை மாற்றும் முன் ஷாஃப்டைப் பாருங்கள்

போடியிலிருந்து போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள்தான் என் பட்டறைக்கு அதிகம் வருகின்றன. விடியும் முன் ஏறி, பொழுது சாய இறங்கும் வண்டிகள். 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாம் கியரில் இன்ஜின் பிடித்து இழுக்கிற தைரியத்தில்தான் டிரைவர் மலை இறங்குகிறார். பின் ஷாஃப்டில் (கியர்பாக்ஸ் பக்கமிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டு போகும் தண்டு) ஒரு கிராஸ் (தண்டின் முனையில் சாய்வாகவும் சுற்றவிடும் சிலுவை வடிவ இணைப்பு) உடைந்தால் அந்தப் பிடி அந்த நொடியே போய்விடும். மிச்சம் இருப்பது பிரேக் மட்டும். அதன் முன்முனைக் கிராஸ் உடைந்து ஷாஃப்டின் முனை ரோட்டில் குத்தினால் நிலைமை இன்னும் மோசம். அதனால் "அழுத்தினா லேசா உதறுது, அவ்வளவுதான்" என்று யாராவது சொன்னால் நான் அதை லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு ஜீப் வந்தது. நாற்பதுக்கு மேல் ஆக்சிலேட்டரை அழுத்தினால் தரையே அதிரும், காலை எடுத்தால் அடங்கிவிடும். அதற்குள் நான்கு டயரும் புதுசாகியிருந்தன. இரண்டு முறை வீல் பேலன்ஸ், ஒரு முறை அலைன்மென்ட் முடிந்திருந்தது. உதறல் மட்டும் அப்படியே இருந்தது.

வண்டிக்கு அடியில் படுக்கும் முன் நான் கேட்கிற முதல் கேள்வி, எப்போது உதறுகிறது என்பதுதான். சமதளத்தில் நேரான ரோட்டில் உதறல் வருகிற வேகத்துக்குப் போய், காலை எடுத்து, கிளட்சை மிதித்து நியூட்ரலில் விட்டுப் பாருங்கள். (மலை இறக்கத்தில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள்.) நியூட்ரலிலும் அதே வேகத்தில் அதிர்ந்தால் டயர், ரிம், ஷாஃப்டின் பேலன்ஸ் என்று தேடலாம். அழுத்தும்போது மட்டும் வந்தால் கோளாறு சுமை தாங்குகிற இடத்தில் இருக்கிறது: கிராஸ், பினியன் (ஷாஃப்ட் ஆக்சிலுக்குள் சுற்றுகிற சின்னப் பல்சக்கரம்) பேரிங், இன்ஜினையோ கியர்பாக்ஸையோ தாங்கும் மவுண்டிங். முன்பக்கம் தனி சஸ்பென்ஷன் உள்ள புது வண்டிகளில் முன்சக்கரத்துக்குப் போகும் அச்சின் உள்பக்க இணைப்பான சிவி ஜாயின்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலேயே ரேஸ் கொடுத்தாலும் அதிர்ந்தால் சக்கரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, மவுண்டிங்கைப் பாருங்கள்.

உதறலின் வேகமும் ஒரு துப்பு. டயரின் சுற்றளவு 2.3 மீட்டர் என்றால் 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏழு சுற்றுக்கு மேல் சுற்றும். கிரவுன் விகிதம் (சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் எத்தனை சுற்று என்பது) 4 என்று வைத்தால் ஷாஃப்ட் நொடிக்கு 29 சுற்று. ஸ்டியரிங்கில் தடதடவென்று எண்ணிவிடலாம் போல வந்தால் அது சக்கரம். சீட்டுக்கு அடியில் விர்ரென்று ரீங்காரமாக வந்தால் ஷாஃப்ட்.

இந்த ஜீப்பில் வந்தது ரீங்காரம். டிரைவர் தம்பி தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார்: "ஆளேத்துனா ஒண்ணும் தெரியலண்ணே. வெறும் வண்டியாப் போகையிலதான் சீட்டே நடுங்குது." இதுவரை இதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லையாம். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. சுமை ஏறினால் வண்டி தாழும், ஷாஃப்டின் சாய்வு குறையும். அப்படியானால் கோளாறு சாய்வில்தான்.

சாய்வாக நிற்கிற கிராஸ் ஒரே சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். மறுமுனைக் கிராஸ் அதைத் திருப்பிச் சமன்செய்கிறது. ஆனால் இரண்டு முனைகளின் சாய்வும் ஒன்றாக இருக்க வேண்டும், ஷாஃப்டின் இரு முனைகளிலும் கிராஸைப் பிடிக்கிற கவைகள் ஒரே நேரில் நிற்க வேண்டும். இந்த வண்டியில் பாரம் தாங்கட்டும் என்று பின்னால் ஒரு ஸ்பிரிங் பட்டை கூடுதலாக வைத்திருந்தார்கள்; அதில் பின்பக்கம் உயர்ந்து சாய்வு கூடியிருந்தது. ஒரு பட்டறையில் ஷாஃப்டைக் கழற்றி மாட்டியபோது, நடுவில் நீண்டு சுருங்குகிற பல் இணைப்பை இரண்டு பல் தள்ளிச் சொருகியிருந்தார்கள். சாக்பீஸால் நீளவாக்கில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். முன் கவைக்கும் பின் கவைக்கும் நேர் தப்பியிருந்தது கண்ணுக்கே தெரிந்தது. கழற்றுவதற்கு முன் அதே கோட்டைப் போட்டிருந்தால் நான்கு டயர் காசு மிஞ்சியிருக்கும்.

கிராஸையும் பிரித்தேன். கிராஸின் காலை மூடியிருக்கும் கப்பைத் தட்டி எடுத்ததும் கிரீஸுக்குப் பதில் செங்கல்தூள் மாதிரி காய்ந்த துரு கொட்டியது. துடைத்துப் பார்த்தால் கிராஸின் காலில் ஊசி பேரிங் பதிந்த வரிகள், நகத்தால் தடவினால் தட்டுப்பட்டன. புதுக் கிராஸ் போட்டு, பல்லை நேராக்கி, கூடுதல் பட்டையை எடுத்ததும் அதிர்வு நின்றது.

சத்தத்துக்கும் 'எப்போது' என்ற அதே கேள்வியைத்தான் கேட்கிறேன். கியர் போட்டுக் கிளம்பும்போது 'டக்' என்றால் கிராஸிலோ பல் இணைப்பிலோ ஆட்டம். மெதுவாகப் போகும்போது குருவி மாதிரி சீராகக் கீச்சிட்டால் கிரீஸ் இல்லாத கிராஸ். அழுத்தினால் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வந்து, காலை எடுத்தால் மாறினால் கிரவுன் பினியன் அல்லது அதன் பேரிங். வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் இரைச்சல் கூடினால் வீல் பேரிங்கைப் பாருங்கள்.

இன்னொன்று எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. லிவரை ஃபோர் ஹையில் (நான்கு சக்கரமும் இழுக்கிற நிலை) போட்டுவிட்டு காய்ந்த தார் ரோட்டில் ஓட்டுகிறார்கள், பிடிமானம் கூடும் என்ற நம்பிக்கையில். இந்த ஜீப்புகளில் முன் பின் ஆக்சிலுக்கு நடுவே, இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் ஹையில் இரண்டு ஷாஃப்டும் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுற்றும். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் போக வேண்டும். சேற்றில் டயர் வழுக்கி ஈடுகட்டிவிடும், தாரில் வழுக்காது. முறுக்கு ஏறி ஸ்டியரிங் இறுகும், வண்டி திக்கித் திக்கி அதிரும், லிவர் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் அடித்து இழுக்காதீர்கள். நேராகச் சில மீட்டர் பின்னால் எடுத்தால் முறுக்கு இறங்கி லிவர் கழன்று வரும். முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்த டயர் என்றாலும் இதே கதைதான். ஆரத்தில் 5 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 14 மீட்டர் கணக்கு இடிக்கும்.

வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்துவிட்டு நியூட்ரலில் ஷாஃப்டைக் கையால் பிடித்து முறுக்கிப் பாருங்கள், மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கிராஸில் ஆட்டம் தட்டுப்பட்டாலோ கப்பின் ஓரத்தில் செந்தூள் தெரிந்தாலோ அன்றைக்கு ஆள் ஏற்ற வேண்டாம். ஓடையில் இறக்கிய வண்டி என்றால் அடுத்த நாளே நிப்பிளில் கிரீஸ் அடித்து, நான்கு கப் வழியாகவும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை நிறுத்தாதீர்கள்.