கோடாலித் தைலம் வலியை என்ன செய்கிறது?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அம்மாவின் முழங்கால் வலிக்குக் கோடாலித் தைலம் தேய்க்கிறேன். நிஜமாகவே கேட்குமா, இல்லை வெறும் வாசனைதானா?"

கேட்கும். மூட்டுத் தேய்மானத்தை அது ஒன்றும் செய்யாது, வேலை நடப்பது நரம்பில்.

அடிபட்ட இடத்து நரம்பு முனை செய்தி அனுப்ப, அது தண்டுவடம் ஏறி மூளைக்குப் போக, மூளை அதை வலியாக உணர்கிறது. இது பள்ளியில் படித்ததுதான். எனக்குப் பிடித்த இடம் நடுவிலுள்ள தண்டுவடம். அங்கே ஒரு கதவு இருக்கிறது என்று 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். மந்தமான வலியைச் சுமக்கும் மெல்லிய நரம்பிழைகளில் செய்தி நொடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர்தான் நகரும். தொடுகையைச் சுமக்கும் தடித்த இழைகளில் 30 மீட்டருக்கும் மேல். இடித்த இடத்தைத் தேய்க்கும்போது தொடுகைச் செய்தி முந்திக்கொண்டு வந்து, தண்டுவடத்திலுள்ள தடுப்பு நரம்பணுக்களைத் தூண்டிவிடுகிறது, அவை வலிச் செய்தியை அமுக்கிவிடுகின்றன, அதாவது கதவை மூடிவிடுகின்றன. பின்னால் வந்த ஆய்வுகள் இதில் பல திருத்தங்கள் செய்தாலும் அடிப்படை நிற்கிறது. விழுந்த பிள்ளையைப் பாட்டி தேய்த்துவிடுவது வெறும் ஆறுதல் இல்லை!

தைலத்திலுள்ள மெந்தால் (புதினாவுக்கு ஜில்லென்ற உணர்வைத் தரும் பொருள்) இன்னும் அழகு. நரம்பு முனையில் டிஆர்பிஎம்8 என்றொரு புரதம் உண்டு. தோல் ஏறக்குறைய 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் திறந்து "குளிர்" என்று செய்தி அனுப்பும். மெந்தால் அதில் ஒட்டிக்கொண்டு, குளிரே இல்லாமல் திறந்துவிடுகிறது. அந்தக் குளிர்ச் செய்தியும் வலியை அடக்க உதவுகிறது. புதினா ஏன் ஜில்லென்று இருக்கிறது, மிளகாய் ஏன் எரிகிறது என்று தேடிய டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. இப்படிப்பட்ட கேள்விகளுக்கு, உடனடிப் பலன் கேட்காமல் பணம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, எல்லா வலிக்கும் தைலம் போதாது. நீரிழிவால் நரம்பே கெட்டுப் பாதம் எரிந்தால் பனடாலும் பெரும்பாலும் உதவாது. அதற்கு மருந்து வேறு, பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். காயம் ஆறியும் மாதக்கணக்கில் நீடிக்கும் வலியில் நரம்பு மண்டலமே வலியை மிகையாக உணருமளவுக்குக் கூர்மையாகிவிட்டிருக்கலாம். மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு அதற்கான சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

அம்மாவுக்கு: தைலம் தேய்த்து வலி தணிந்திருக்கும்போதே கொஞ்சம் நடக்கச் சொல்லுங்கள், தொடைத் தசை வலுத்தால் முழங்காலுக்குச் சுமை குறையும். தைலத்தின் மேல் வெந்நீர்ப் பை வேண்டாம், தோல் வெந்துவிடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார் என்றால், தைலத்திலுள்ள மெத்தில் சாலிசிலேட் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும், மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தேயுங்கள்.