குரல் சின்னதுதான், ஆனா மைக் இருந்துச்சு: பில்லி ஹாலிடே கதை

பில்லி ஹாலிடேய முதல்முறை கேக்குறவங்க, இவ்ளோ சின்னக் குரல வச்சுக்கிட்டு இவங்க எப்படி ஜாஸ்ல இவ்ளோ பெரிய ஆளானாங்கன்னு யோசிப்பாங்க. நியாயமான கேள்விதான். ஒன்றரை ஸ்தாயிக்கு மேல அந்தக் குரல் பெருசா போகாது, கத்திப் பாடுறதும் கிடையாது.

பதில்ல பாதி மைக்ல இருக்கு. 1920கள்ல பாதி வரைக்கும் ரெக்கார்டிங்குக்கு கரண்டே கிடையாது, ஒரு பெரிய புனல் முன்னாடி நின்னு பாடணும், குரலோட பலத்துலயே ஊசி ஆடி மெழுகுல கோடு கிழிக்கும். 1923ல ரெக்கார்ட் பண்ண ஆரம்பிச்ச ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்துக்கு அதுக்கேத்த தொண்டை இருந்துச்சு. 1933ல கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மேன் கூட பில்லி முதல் ரெக்கார்டிங்குக்கு வந்தப்ப வயசு 18, அதுக்குள்ள மைக் வந்துடுச்சு.

அந்த வருஷங்கள்ல பரவுனது ரிப்பன் மைக். காந்தத்தோட ரெண்டு முனைக்கு நடுவுல தலைமுடிய விட மெல்லிசான அலுமினிய ரேக்கு, காத்து அசைச்சா அதுவும் அசையும், அதுல கரண்ட் பொறக்கும், அத ஆம்ப்ளிஃபயர் பெருக்கிக்கும். ரேக்குக்கு முன்னாடியும் பின்னாடியும் திறந்தேதான் இருக்கும், ரெண்டு பக்கத்து அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அத ஆட்டுது. 200 ஹெர்ட்ஸ் மாதிரி அடிக்குரல்ல ஒரு அலையே 1.7 மீட்டர் நீளம், அதனால தூரத்துல இருந்து வந்தா ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அழுத்தம். ஆனா வாய மைக்குக்கு ஒட்டி வச்சா, பின்பக்கம் சுத்திப்போற சத்தம் அந்தக் கொஞ்ச தூரத்துலயே பலம் குறைஞ்சுடும், வித்தியாசம் கூடும், அடிக்குரல் தூக்கலா கேக்கும். காதுகிட்ட பேசுற மாதிரி இருக்கே, அது இதனாலயும்தான்.

1939ல நியூயார்க்ல கஃபே சொசைட்டிங்கிற கிளப்ல 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பாடுனாங்க, கறுப்பினத்தவங்கள மரத்துல தூக்குல போட்ட கொடுமையப் பத்தின பாட்டு. சர்வர்கள் வேலைய நிறுத்திடுவாங்க, லைட்ட அணைச்சுட்டு முகத்துல மட்டும் வெளிச்சம். அத உரக்கப் பாடியிருந்தா மேடைப் பேச்சு ஆகியிருக்கும்னு எனக்குத் தோணும். கொலம்பியா கம்பெனி அத ரெக்கார்ட் பண்ண மறுக்க, கமோடோர்னு சின்ன கம்பெனிதான் வெளியிட்டுச்சு.

1947ல போதைப்பொருள் கேஸ்ல ஜெயில், நியூயார்க் கிளப்கள்ல பாடுற அனுமதி அட்டையும் போச்சு. 1958ல வந்த 'லேடி இன் சாட்டின்' ஆல்பத்துல குரல் தேஞ்சு கரகரன்னு இருக்கும், மைக் அதையும் விடாம காட்டுது. அடுத்த வருஷம் இறந்துட்டாங்க, வயசு 44. புதுசா கேக்குறவங்க அங்க ஆரம்பிக்காதீங்க, 1935ல இருந்து பியானோ கலைஞர் டெடி வில்சன் கூட பண்ண ரெக்கார்டிங்க ஹெட்ஃபோன்ல கேளுங்க, ஒவ்வொரு வார்த்தையும் தாளத்துக்கு ஒரு இம்மி பின்னாடி வந்து விழும்.