மீட்சியளிப்புக் கெழு

கைவிட்ட பந்து தான் விழுந்த உயரத்தை மறுபடி எட்டுவதில்லை. அந்தக் குறைவைக் கணக்கிட உதவும் எண்ணை ஆங்கிலத்தில் 'கோயெஃபிஷியன்ட் ஆஃப் ரெஸ்டிடியூஷன்' என்பர்; தமிழில் 'மீட்சியளிப்புக் கெழு' எனலாம். மோதிய இரு பொருள்கள் விலகும் சார்பு வேகத்தை (ஒன்றைப் பொறுத்து மற்றொன்றின் வேகத்தை) அவை நெருங்கிய சார்பு வேகத்தால் வகுத்தால் கிடைக்கும் ஈவு இது. இது வேகங்களின் விகிதமே தவிர உயரங்களின் விகிதமன்று என்பதைப் பலர் தவறவிடுகின்றனர். 254 செ.மீ. உயரத்திலிருந்து விடப்படும் வழக்கமான டென்னிஸ் பந்து 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும் என்பது விதி; உயர விகிதம் ஏறக்குறைய 0.53 முதல் 0.58 வரை அமைய, எழும் உயரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாதலால் அதன் வர்க்கமூலமாகிய கெழு 0.73 முதல் 0.76 வரை வருகிறது.

1687-இல் வெளியான 'பிரின்சிப்பியா' என்னும் தம் நூலில் நியூட்டன் கண்ணாடி உருண்டைகளுக்கு 15/16 என்றும், இறுக்கிய கம்பளி உருண்டைகளுக்கு ஏறத்தாழ 5/9 என்றும் இவ்விகிதத்தைக் குறித்தார். பொருளுக்கு ஒரே எண் என்னும் எண்ணம் அங்கிருந்து வேரூன்றியது. ஆனால் உயரம் கூடக்கூட மோதும் வேகமும் கூடி, பந்து அதிகமாக நசுங்கி, உள்ளுராய்வில் கூடுதல் ஆற்றல் வெப்பமாகிவிடுவதால், பெரும்பாலான பந்துகளில் இந்த எண் சிறிது சிறிதாகக் குறைகிறது. விடும் உயரத்தை இருமடங்காக்கினால் எழும்பும் உயரம் சரியாக இருமடங்காகாமல் போவதற்கு இதுவும், காற்றின் தடையும் காரணங்கள். எடை குறைந்த மேசைப்பந்து ஓரளவு உயரத்துக்குமேல் முற்று வேகத்தை (எடையைக் காற்றின் தடை ஈடுசெய்வதால் மேலும் கூடாத வேகத்தை) எட்டிவிடும் என்பதால், அதற்கும் மேலிருந்து விட்டால் கூடுதலாக எழும்பாது.

'ரெஸ்டிடியூஷன்' என்பது மீண்டும் நிலைநிறுத்துதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. பறித்ததை உரியவரிடம் திருப்பித் தருவதையும் சட்டத்தில் இச்சொல்லே குறிக்கும். தமிழில் 'மீள்' என்னும் வினையோடு 'சி' விகுதி சேர்ந்து 'மீட்சி' ஆகிறது. அது தானாக மீளுவதைச் சொல்லுமேயன்றித் திருப்பித் தருவதைச் சொல்லாது. 'அளிப்பு' அந்தக் குறையை நிரப்புகிறது. 'மீட்சிக் குணகம்' என்று சுருக்குவது எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் அப்பெயர் தகைவுக்கும் (ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசைக்கும்) திரிபுக்கும் (அதனால் நேரும் உருமாற்ற அளவுக்கும்) உள்ள விகிதத்துக்கு ஏற்கெனவே வழங்குகிறது. 'துள்ளல் கெழு' காதுக்கு இனியது. ஆனால் துள்ளாமல் மோதி விலகும் இரு வண்டிகளுக்கு அது பொருந்துமா?

'கோயெஃபிஷியன்ட்' என்பதற்கு வழங்கும் 'குணகம்' வடசொல், பொருந்துதல் என்னும் பொருளுடைய பழந்தமிழ்க் 'கெழு' அவ்விடத்தில் இயல்பாகவே அமர்கிறது.